அடக்க ஆராதனையில் மனந்திரும்பச் சொல்வது: எச்சரிப்பா, மிரட்டலா?

கடைசி இருக்கை
இரண்டு மாதத்துக்கு முன் என் தம்பி விபத்தில் இறந்துபோனான். வயது 27. அடக்க ஆராதனையில் போதகர் 20 நிமிடம் பேசினார். "இது இந்தக் குடும்பத்துக்குத் தேவன் கொடுத்த எச்சரிப்பு. அடுத்தது யார் என்று யாருக்குத் தெரியும்? இன்றைக்கே மனந்திரும்புங்கள்" என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். கையை உயர்த்தச் சொன்னதும் பத்துப் பன்னிரண்டு பேர் உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை.

ஞாயிறு பள்ளியிலிருந்து சபையிலேயே வளர்ந்தவள் நான். நியாயத்தீர்ப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவரைப் பயமுறுத்தி மனந்திரும்ப வைப்பதுதான் வேதம் காட்டும் வழியா? அவனுடைய சாவு எனக்கு வந்த எச்சரிப்பு என்றால், அவன் யார்? எனக்குப் பாடம் நடத்துவதற்கான கரும்பலகையா? அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

எக்காளம்
சகோதரி, உங்கள் அம்மாவுக்காகவும் உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன். நானும் ஊழியம் செய்கிறவன். பல அடக்கங்களில் இதே போல் பேசியிருக்கிறேன், அதனால் ஒளியாமல் பதில் சொல்கிறேன்.

எசேக்கியேல் 33 எங்களை விடாது. பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரன் கையில் ஜனத்தின் இரத்தப்பழி கேட்கப்படும் என்று அங்கே இருக்கிறது. என் பெயரே அங்கிருந்து எடுத்ததுதான். "விருந்துவீட்டுக்குப் போவதிலும் துக்கவீட்டுக்குப் போவது நலம்" என்று பிரசங்கி சொல்வதும் இதற்குத்தான். வருஷம் முழுவதும் சாவை நினைக்காமல் ஓடுகிறவன் அந்த ஒரு மணி நேரம்தான் நின்று யோசிக்கிறான். அன்று நான் வாயை மூடிக்கொண்டால் அவனிடம் எப்போது பேசுவது? அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது மெய்யாகவே திரும்பியிருந்தால்?

ஏடு புரட்டி
"இது இந்தக் குடும்பத்துக்குத் தேவன் கொடுத்த எச்சரிப்பு" என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சொல்ல அந்தப் போதகருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

லூக்கா 13ஐப் பாருங்கள். ரோம ஆளுநர் பிலாத்து சில கலிலேயரைக் கொன்று அவர்கள் இரத்தத்தைப் பலிகளோடு கலந்த செய்தியை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவரே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தது. ஒன்று அரசு செய்த கொலை, மற்றது விபத்து. இவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, "அப்படியல்ல" என்று இரண்டு முறை சொல்கிறார். செத்தவனின் கணக்கைப் பார்ப்பதற்கு அங்கேயே தடை விழுந்துவிட்டது.

தடையை மீறியவர்களும் உண்டு. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். லிஸ்பன் நகரத்தின் ஆலயங்களில் காலையில் கூட்டம் நிறைந்திருந்தபோது பூமி அதிர்ந்தது. கூரை ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் விழுந்தது. பிறகு கடல் ஏறியது, தீ பிடித்தது. மறுவருடம் கப்ரியேல் மலாகிரிடா என்ற இயேசு சபைக் குரு ஒரு பிரசுரம் எழுதினார்: இதற்கு இயற்கைக் காரணம் எதுவும் இல்லை, உங்கள் பாவம்தான் காரணம் என்று. ஆராதனைக்கு வந்து அமர்ந்தவர்கள் என்ன பாவத்துக்காக முதலில் செத்தார்கள்? அவரிடம் இதற்குப் பதில் இருந்திருக்க முடியாது.

எக்காளம்
சகோதரர் லூக்காவைப் பாதியில் நிறுத்திவிட்டார். இயேசு இரண்டு முறை "அப்படியல்ல" என்றார், சரி. அந்த இரண்டு முறையும் அடுத்து என்ன சொன்னார்? நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்றார். சாவுச் செய்தி கொண்டுவந்தவர்களிடம் அதே இடத்தில், அதே மூச்சில் எச்சரித்தார். "முதலில் ஆறுதல், எச்சரிப்பு இன்னொரு நாள்" என்று அவர் தள்ளிப்போடவில்லை.

ஆமோஸ் 4ம் இருக்கிறது. பஞ்சம், மழையின்மை, பயிர்க்கேடு, கொள்ளைநோய், அழிவு என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் "ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பாமற்போனீர்கள்" என்கிறார் கர்த்தர். ஐந்து முறை. துன்பத்தின் வழியாகத் தேவன் பேசுவதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்விக்குறி
நான் இப்போது சபைக்குப் போகிறவன் அல்ல. ஆனாலும் இந்த வாதம் என்னை விடவில்லை.

யோனா தீர்க்கதரிசி நினிவே நகரத்தில் போய்ச் சொன்னது என்ன? இன்னும் 40 நாள், நினிவே கவிழ்க்கப்படும். அவ்வளவுதான். "மனந்திரும்பினால் தப்பலாம்" என்ற வார்த்தையே அதில் இல்லை. 40 நாள் கழிந்தது, நகரம் நின்றது. அப்படியானால் தேவன் சொன்னது நடக்கவில்லை. நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தலாம் என்று இதை எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து உடைந்துபோனார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹாரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்று தேதி குறித்தார். அந்த நாளும் மற்ற நாட்களைப் போலத்தான் விடிந்து அடைந்தது. எச்சரிப்பு பலிக்காமல் போகப் போக, கேட்கிறவன் காது மரத்துப்போகிறது. என் காது மரத்தது அப்படித்தான்.

சாம்பல் புதன்
தேதி குறித்தவர்களை யோனாவோடு சேர்க்க வேண்டாம் ஐயா. அந்த நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது தேதி குறிப்பது எச்சரிப்பு ஆகாது.

ஆனால் யோனாவைப் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. அந்தப் பிரசங்கம் எபிரேயத்தில் மொத்தம் ஐந்தே வார்த்தை. "கவிழ்க்கப்படும்" என்று நாம் படிக்கும் இடத்தில் இருக்கும் வினைச்சொல் சோதோம் நகரம் அழிந்ததற்கு வருவது. அதே சொல்தான், சாமுவேல் சவுலிடம் "நீ வேறு மனுஷனாவாய்" என்று சொல்லும் இடத்திலும் வருகிறது. தலைகீழாவது என்று வைத்துக்கொள்ளுங்களேன். நினிவே தலைகீழாகத்தான் ஆனது. யோனா எதிர்பார்த்த விதத்தில் ஆகவில்லை, அதனால்தான் அவருக்குக் கோபம்.

எரேமியா 18ல் குயவன் வீட்டில் இந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. ஒரு ஜாதியை, அதாவது ஒரு தேசத்தை, அழிப்பேன் என்று நான் சொன்ன பிறகு அது திரும்பினால், செய்ய நினைத்த தீங்கை நான் செய்யமாட்டேன். ஆக, "ஆனால்" என்ற சொல் வாயில் வராவிட்டாலும் ஒவ்வொரு எச்சரிப்புக்குள்ளும் அது இருக்கிறது. அழிப்பதே எண்ணமாக இருந்தால் 40 நாள் எதற்கு? சொல்லாமலே அழித்திருக்கலாமே.

நான் கத்தோலிக்கன். நீங்கள் "மனந்திரும்பு" என்பதை நாங்கள் "மனம் மாறு" என்கிறோம். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று குருவானவர் எங்கள் நெற்றியில் சாம்பலிட்டு "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்பார், அல்லது நாம் மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே திரும்புவோம் என்பதை நினைவூட்டுவார். கடுமையான வார்த்தைகள்தான், ஆனால் யாரும் எழுந்து போவதில்லை. சாம்பல் குருவின் தலையிலும் இருக்கிறது. நினிவேயின் ராஜாவும் சிங்காசனத்தை விட்டு இறங்கி, தான் சாம்பலில் உட்கார்ந்த பிறகுதான் ஊருக்கு உபவாசம் கூறினான்.

எக்காளம்
கடைசியில் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். குத்துகிறது, ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மென்மையாகப் பேசுகிறவன் எல்லாம் அன்புள்ளவன் அல்ல. எரேமியா 28ல் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறார். பாபிலோனின் நுகம் இரண்டு வருஷத்தில் முறியும், எடுத்துப்போன பாத்திரங்கள் திரும்பி வரும் என்கிறார். கேட்க எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! எரேமியா அதற்கு "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொன்னார். அவருக்கும் அந்தச் செய்தி மெய்யாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அது பொய். அந்தப் பொய்யை நம்பியவர்களைத்தான் கடைசியில் பாபிலோன் சேனை வந்து சூழ்ந்தது.

இன்னொரு காட்சியும் என் மனதைவிட்டுப் போகாது. குளிர்காலத்தில் யூதாவின் ராஜா யோயாக்கீம் கணப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எரேமியா சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய சுருளை வாசிக்கிறார்கள். மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். அடுத்த மூன்று நாலு பத்தி, மறுபடியும் நெருப்பு. சுருள் முழுவதும் எரிகிறவரை. அந்த அதிகாரத்தின் ஆரம்பத்தில் கர்த்தர் ஏன் எழுதச் சொன்னார் தெரியுமா? யூதா வீட்டார் ஒருவேளை கேட்டுத் திரும்புவார்கள், அப்போது அவர்கள் அக்கிரமத்தை மன்னிப்பேன் என்பதற்காக. அவன் எரித்தது அந்த "ஒருவேளை"யை. கி.மு. 586 வாக்கில் எருசலேம் எரிந்தது. இரவில் இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. என் வாயிலிருந்து வர வேண்டிய "ஒருவேளை"யை நானே அடக்கிவிட்டால்?

ஏடு புரட்டி
இதை நானும் மறுக்கவில்லை. அதே எரேமியாவில் 26ஆம் அதிகாரத்தையும் வையுங்கள். ஆலயத்தில் எச்சரித்ததற்காக எரேமியாவைக் கொல்ல நிற்கிறார்கள். அப்போது மூப்பர் சிலர் எழுந்து, எசேக்கியா ராஜாவின் நாளில் மீகா தீர்க்கதரிசியும் சீயோன் வயல்வெளியைப்போல் உழப்படும் என்று சொன்னாரே, அவரைக் கொன்றோமா, ராஜா கர்த்தருக்குப் பயந்தான், அந்தத் தீங்கு வரவில்லையே என்கிறார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து மீகாவின் பேச்சு ஒரு மனிதனின் உயிரைக் காக்கிறது. நடக்காமல் போன எச்சரிப்பை அவர்கள் பொய் என்று எண்ணவில்லை. கேள்விக்குறி கேட்டதற்கும் இதுவே பதில்.

மீகா பேசியது ராஜாவுக்கும் தலைவர்களுக்கும் லஞ்சம் வாங்கும் நியாயாதிபதிகளுக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அவர் இதைச் சொல்லவில்லை. ஆமோஸ் பேசியதும் ஏழையை நசுக்கியவர்களிடம்தான்.

நாலத்தனை
வாசித்துவிட்டுப் போகிறவன்தான், இன்று எழுதுகிறேன். நான் அப்படி ஒரு கூட்டத்தில் பயந்து கை தூக்கியவன். நரகத்தைப் பற்றிய பிரசங்கம் அது. பயம் பொய் இல்லை, அழுகையும் பொய் இல்லை. ஆனால் கூட்டாளியின் பங்கில் நான் ஏமாற்றி எடுத்த பணம் அதற்கப்புறமும் இரண்டு வருஷம் என்னிடமே இருந்தது. சாட்சி சொன்னேன், பாடல் குழுவில் நின்றேன், பணத்தைக் கொடுக்கவில்லை.

யோவான் ஸ்நானகனிடம் ஜனங்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்ட பகுதியை ஒரு நாள் வாசித்தேன். விரியன் பாம்புக்குட்டிகளே என்று திட்டிய அதே மனிதர், கேட்டவனுக்கு எவ்வளவு சின்ன வேலை கொடுக்கிறார்! இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. வரி வசூலிக்கும் ஆயக்காரனா, குறித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனா, சம்பளம் போதும் என்றிரு. அன்று சாயங்காலமே கூட்டாளி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே கொடுத்தேன். ஆயக்காரன் சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய்க் கொடுத்தார், என்னால் அசலைத்தான் கொடுக்க முடிந்தது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றி நம் பழைய மொழிபெயர்ப்பில் "மனஸ்தாபப்பட்டு" என்று இருக்கும். இன்றைய பேச்சில் இரண்டு பேருக்குள் மனக்கசப்பு என்றால்தான் மனஸ்தாபம் என்கிறோம். அங்கே நெஞ்சு எரிவது. எரிந்தது உண்மை, அவர் காசைக்கூடத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் ஆண்டவரிடம் திரும்பவில்லை. ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் அதே இரவில் மனங்கசந்து அழுதார், திரும்பி வந்தார். என்னைப் பயம்தான் எழுப்பியது, அதற்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் எழுப்பப்பட்டவன் நடக்க வேண்டுமே, அதைச் சொல்ல அன்று மேடையில் ஒருவரும் இல்லை.

கடைசி இருக்கை
எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். நாலத்தனை அண்ணன் எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

எக்காளம் ஐயா, உங்கள் சுருள் கதையில் எனக்குச் சண்டை இல்லை. எரேமியா அழுதவர், தன் தலை தண்ணீராக இருந்தால் இரவும் பகலும் அழுவேன் என்றவர். இயேசுவும் எருசலேமைப் பார்த்து முதலில் கண்ணீர்விட்டார், அதற்குப் பிறகுதான் வரப்போகும் முற்றுகையைச் சொன்னார். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். எங்கள் போதகர் கண்ணில் ஈரம் இருந்திருந்தால் அவர் சொன்ன அதே வார்த்தைகளை நான் வேறு விதமாகக் கேட்டிருப்பேனோ என்னவோ.

எக்காளம்
சகோதரி, ஒன்று கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை எனக்கு ஓர் அடக்கம் இருக்கிறது, அதுவும் வாலிபப் பையன். லூக்கா 13ஐத்தான் எடுத்து வைத்திருந்தேன். நியாயத்தீர்ப்பைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன், அது என்னால் முடியாது. ஆனால் அன்று உங்கள் அம்மா பக்கத்தில் நான் நின்றிருந்தால், முதலில் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

கடைசி இருக்கை
அவன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் ஐயா. அந்த 20 நிமிடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பையன், வாலிபன், இந்தச் சரீரம் என்றுதான் சொன்னார்.

பெயரைச் சொல்லுங்கள். அவன் அம்மாவைப் பாருங்கள். அப்புறம் எச்சரியுங்கள். நான் அங்கே இருந்தால் உட்கார்ந்து கேட்பேன்.