ஸ்கேரிஃபையர் குதிக்கிறது, தரை வரிவரியாக வருகிறது, உதவி தேவை

லேத்துப்பட்டறை:
வணக்கம். பட்டறைத் தரையில் பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது, அதை எடுக்க ஸ்கேரிஃபையர் (தரையின் மேல்பரப்பைக் கொத்திச் சுரண்டும் மிஷின்) வாடகைக்கு எடுத்தேன். இன்று காலையில் நன்றாகத்தான் ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்ததிலிருந்து ஒரே குதி, பிடித்துத் தள்ளவே முடியவில்லை, போன இடமெல்லாம் ஏர் உழுத மாதிரி வரிவரியாக இருக்கிறது. நாளை மறுநாள் மிஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை தரையில் எபாக்சி பூச்சு போட ஆள் வருகிறார்கள். தூசியில் தலைவலி வேறு, தம்பி வாந்தியே எடுத்துவிட்டான். என்ன செய்யலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலாம்மாடி:
மிஷின் கரண்டா பெட்ரோலா? கட்டர் மாட்டிய உருளையை, அதாவது டிரம்மை, எவ்வளவு இறக்கினீர்கள்? தரை எத்தனை வருஷத்துப் பழசு? மேலே வரப்போகிற எபாக்சி எத்தனை மி.மீ.? இது எதுவும் தெரியாமல் நாங்கள் ஜோசியமா சொல்ல முடியும்?

மூணுஃபேஸ்:
த்ரீ ஃபேஸ் கரண்டில் வயர் வரிசை மாறியிருக்கும். மதியம் பிளக்கைப் பிடுங்கி வேறு போர்டில் செருகியிருப்பீர்கள், டிரம் தலைகீழாகச் சுற்றுகிறது, அதனால்தான் குதிக்கிறது. இரண்டு வயரை மாற்றிக் கட்டுங்கள், முடிந்தது. எங்கள் மில்லில் மோட்டார் மாற்றியபோது இதே கதை.

கான்கிரீட்கண்ணன்:
இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. அடிப்படையே தப்பு. கான்கிரீட் பரப்பு எவ்வளவு கரடாக இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.சி.ஆர்.ஐ. என்கிற சர்வதேச கான்கிரீட் பழுதுபார்ப்பு அமைப்பு 10 மாதிரிச் சில்லுகள் வைத்திருக்கிறது, 1 கிட்டத்தட்ட வழவழப்பு, 10 கொத்திப் போட்ட மாதிரி. மெல்லிய கோட்டுக்கு 1 முதல் 3 வரை போதும். ஸ்கேரிஃபையர் விட்டால் 4-க்கு மேலேதான் வரும். டைமண்ட் கப் (வைரத்துகள் பதித்த தேய்ப்புச் சக்கரம்) போட்ட கிரைண்டர் எடுத்திருக்க வேண்டிய இடத்தில் ஏர் ஓட்டினால் உழவுதான் வரும்.

எண்ணெய்ச்செட்டி:
லேத்து பட்டறையா? அப்படியானால் பெயிண்ட் ஏன் உரிந்தது என்று முதலில் பாருங்கள். பெயிண்ட் போன இடத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கிறது, அதன் மேல் எந்த எபாக்சி போட்டாலும் திரும்ப உரியும். உறிஞ்சிக்கொண்டால் சரி. அப்புறம், தரைக்குள் கரண்ட் பைப் போகிறதா? மிஷினுக்குக் கொண்டுபோகிற கரண்டைத் தரைக்கடியில் விடுவது வழக்கம்.

லேத்துப்பட்டறை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பெட்ரோல் மிஷின். எபாக்சி 2 மி.மீ. தரை அப்பா காலத்தது. டிரம் எவ்வளவு இறங்கியது என்று தெரியவில்லை, காலையில் வைத்த அளவுதான், மாற்றவில்லை. காலையில் ஷட்டர் திறந்துதான் ஓட்டினோம். தூசி வருகிறது என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சண்டைக்கு வந்தார், அதனால் 11 மணிக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓட்டினோம். மூக்கில் கர்ச்சீப் கட்டியிருந்தோம்.

முன்னாள்சேஃப்டி:
மிஷினை விடுங்கள் சார். ஷட்டரை இறக்கிவிட்டு பெட்ரோல் இன்ஜின் ஓட்டினீர்களா? இது தூசித் தலைவலி இல்லை, கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தலைவலி, வாந்தி, கிறக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தம்பியைப் படுக்க விடாதீர்கள். இப்போதே இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மூடிய இடத்தில் பெட்ரோல் இன்ஜின் ஓட்டினோம் என்று டாக்டரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் மிஷின் வீட்டில் இருக்கும், அது 98 காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் அதற்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

மூணுஃபேஸ்:
பெட்ரோல் என்றால் ஃபேஸ் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெல்ட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம்.

நாலாம்மாடி:
பெல்ட்டைத் திருப்பி மாட்டினாலும் டிரம் ஒரே பக்கம்தான் சுற்றும் அண்ணா.

கிரானைட்தம்பி:
தண்ணீர் விட்டது நல்ல காரியம்தானே? நாங்கள் கல் அறுப்பதே தண்ணீரில்தான், ஒரு பொட்டுத் தூசி பறக்காது.

கான்கிரீட்கண்ணன்:
உங்களுடையது பிளேடு தம்பி, இது அடித்துப் பெயர்க்கிற டிரம். வித்தியாசம் தெரியாமல் அறிவுரை சொல்ல வந்துவிடுகிறார்கள்.

கிரானைட்தம்பி:
அறிவுரை சொல்ல உங்களிடம் லைசென்ஸ் வாங்க வேண்டுமா? என் பெரியப்பா பதினைந்து வருஷம் குவாரியில் வறட்டுத் தூசியில் வேலை பார்த்தவர், இன்றைக்கு மாடிப்படி ஏற மூச்சு போதவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

முன்னாள்சேஃப்டி:
தம்பி கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. சிலிக்கோசிஸ், அதாவது கல்தூசியால் வரும் நுரையீரல் நோய், வந்தால் திரும்பாது. கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கே தடுத்துவிடும், தெரியாததுதான் நுரையீரல் அடி வரைக்கும் போகிறது, கர்ச்சீப்பெல்லாம் அதற்குத் திறந்த கதவு. ஆனால் இந்த மிஷினில் தூசி இழுக்கும் வாய் இருக்கும், அதில் ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) வாக்குவம் மாட்டுவதுதான் முறை. வீட்டு வாக்குவம் வேண்டாம், முன்னால் இழுத்துப் பின்னால் ஊதிவிடும். மாஸ்க் ஐ.எஸ். 9473 என்கிற இந்தியத் தர முத்திரையோடு எஃப்.எஃப்.பி.3 வகை கேளுங்கள், தாடி இருந்தால் அது முகத்தில் ஒட்டாது. பெட்ரோல் இன்ஜினை ஷட்டர் திறந்தும் உள்ளே ஓட்டாதீர்கள், கரண்ட் மிஷின் கேளுங்கள்.

வாடகைமிஷின்:
நான் இந்த மிஷின்களை விட்டுக்கொண்டிருந்தவன். தண்ணீர் தெளித்து ஓட்டிவிட்டு சாப்பிடப் போனீர்கள், அங்கேதான் விஷயம். இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, டிரம் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே கம்பிகளில் நட்சத்திரம் மாதிரி கட்டர் கோத்திருக்கும். அது ஒவ்வொன்றும் கம்பியில் தனியாகச் சுற்ற வேண்டும், விரலால் தள்ளினால் வளையல் மாதிரி கலகலவென்று ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் சிமெண்ட் சேறு இடுக்கில் இறுகிப் பிடித்திருக்கிறது. பிடித்த கட்டர் சுற்றாமல் ஒரே இடத்தில் அடிக்கும், மிஷின் குதிக்கும், கட்டரும் ஒரு பக்கம் மொட்டையாகும். மொட்டையானதை மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் அதுவே வரி போடும், செட்டாக மாற்றுங்கள். அப்புறம் டிரம்மைத் தரையில் லேசாகத் தொடும் அளவுக்கு மட்டும் இறக்கி ஓட்டுங்கள், முதல் தடவை நீளவாட்டில், அடுத்தது குறுக்கே. அழுத்தினால் சீக்கிரம் முடியும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். இப்போது விழுந்த வரி 2 மி.மீ. எபாக்சியில் தெரியும், கிரைண்டர் போட்டுத் தட்டையாக்கிவிடுங்கள்.

கான்கிரீட்கண்ணன்:
கிரைண்டர் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

நாலாம்மாடி:
பட்டறைக்காரர் என்ன ஆனார்? ஆஸ்பத்திரி போனாரா?

லேத்துப்பட்டறை:
போனோம். தம்பிக்கு ராத்திரி முழுக்க ஆக்சிஜன் வைத்தார்கள், இப்போது பரவாயில்லை, எனக்குத் தலைவலி நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினேன், இரண்டு கம்பியில் கட்டர் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது, உளி வைத்துத் தட்டி எடுத்தேன். எபாக்சி ஆளை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

மூணுஃபேஸ்:
பெல்ட் பார்த்தீர்களா?