ஃப்ரீமன் பள்ளிக்கூடம், நெப்ராஸ்கா: பார்க்கப் போகலாமா?

சோளக்காடு:
ஒமாஹாவிலிருந்து கேன்சஸுக்குக் காரில் போகிறோம். வழியில் பியேட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் பழைய ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் ஒன்றை அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம். கூட 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு வாண்டுகள். போனால் ஏதாவது தேறுமா, இல்லை நாலு பெஞ்சையும் ஒரு கரும்பலகையையும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானா?

பழையபஸ்பாஸ்:
தாராளமாகப் போங்க, கட்டணம் கிடையாது. ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவைச் சேர்ந்தது அது. 1862 சட்டப்படி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்று அரசாங்கம் கொடுத்ததே, அந்தக் கதையைச் சொல்லும் பூங்கா. பள்ளி 1872இல் கட்டியது, செங்கல் சுவர் ஓரடி கனம், 1967 வரை அதில் பாடம் நடந்திருக்கிறது! எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார், ஒவ்வொரு வகுப்பாக முன்னால் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொல்வார், மற்றவர்கள் அதுவரை சிலேட்டும் கையுமாக இருக்க வேண்டும். சின்னது பெரியதன் பாடத்தையும் காதில் வாங்கிக்கொள்ளும். நம் ஓராசிரியர் பள்ளி மாதிரிதான். தேர்தல் ஓட்டுப்பதிவும் அங்கேயே.

வாதிபிரதிவாதி:
முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. டேனியல் ஃப்ரீமன், அதாவது அந்தச் சட்டத்தில் முதல் ஆளாக 1863 ஜனவரி 1 அன்று நிலம் பதிந்ததாகச் சொல்லப்படும் அதே விவசாயி, இந்தப் பள்ளி ஆசிரியை வகுப்பில் பைபிள் வாசித்து ஜெபம் செய்து பாட்டும் பாட வைக்கிறார் என்று 1899இல் ஆட்சேபித்தார். பள்ளி வாரியம் கேட்கவில்லை, கீழ்க்கோர்ட்டிலும் தோல்வி, மனிதர் விடாமல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1902இல் ஜெயித்தார். மறுவிசாரணையில், பைபிளை வாசிப்பதே குற்றமில்லை, அதை வழிபாடாக நடத்துவதுதான் தப்பு என்று கோர்ட் விளக்கம் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே மாதிரி விஷயத்தில் தீர்ப்புச் சொன்னது 1963இல்தான்! இத்தனைக்கும் அந்தக் கட்டடத்திலேயே லூத்தரன் சபை வழிபாடும் நடந்திருக்கிறது. பெரியவனிடம் இதைச் சொல்லிக் கூட்டிப்போங்க, பெஞ்சை மட்டும் பார்த்தால் சலித்துப்போவான்.

சோளக்காடு:
அட, பெரியவனுக்கு வழக்கு என்றாலே குஷி. சின்னவளுக்கு?

பழையபஸ்பாஸ்:
பார்வையாளர் மையத்தின் கூரை ஏர்க்கலப்பை வடிவில் இருக்கும், அதைக் காட்டுங்க. பள்ளி அங்கிருந்து கால் மைல் தள்ளி இருக்கிறது, உள்ளே போக முடியுமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கேன்சஸில் ஸ்ட்ராங் சிட்டி பக்கம் போனால் 1882இல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய லோயர் ஃபாக்ஸ் கிரீக் பள்ளியும் இருக்கிறது. அழகு என்றால் எனக்கு அதுதான், ஆனால் வழக்கு வம்பு ஒன்றும் அதற்கில்லை.