புதுப்பிப்பு: தம்பியின் செமஸ்டர் கட்டணம்

அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது, மூன்றாமாண்டு தம்பிக்கு 38,000 ரூபாய் கட்ட வழியில்லை என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. தவணையாகக் கட்டுகிறோம் என்று கேட்டதற்குக் கல்லூரி அலுவலகத்தில் முதலில் "அதெல்லாம் முடியாது" என்று கையை விரித்தார்கள். நீங்கள் சொன்னபடி, டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு முதல்வருக்கே கடிதம் எழுதி, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் இரண்டு தவணையாகக் கட்டச் சொல்லிவிட்டார்கள். முதல் தவணைக்கு அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது, அதைத் தவிர்க்க முடியவில்லை.

அடுத்த தவணைக்குக் கல்விக்கடன். படிப்பின் நடுவில் தரமாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் கல்விக்கடனுக்கான மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தாயிற்று. 4 லட்சம் வரை சொத்துப் பிணையோ முன்பணமோ வேண்டாம், பெற்றோர் இணைக்கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். அப்பா நடக்க முடியாததால் அம்மாதான் வங்கிக்கு வந்தார்.

அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவனுக்கு தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இவ்வளவு நாளும் இவன் பதிவே செய்யவில்லை! நேற்றுதான் கல்லூரியில் படிவம் கொடுத்திருக்கிறான்.