வெல்டிங் வண்டிக்கு எந்தத் தீயணைப்பான்? எத்தனை கிலோ, எங்கே மாட்டுவது?

வண்டிவெல்டர்:

வணக்கம். சின்ன லாரியின் பின்தட்டில் வெல்டிங் செட் ஏற்றி, வேலை இருக்கும் இடத்துக்கே போய்ச் செய்து தரும் வண்டி. பின்னால் இருப்பவை: டீசல் இன்ஜினில் ஓடும் வெல்டிங் ஜெனரேட்டர், ஆக்சிஜன் அசிட்டிலீன் கட்டிங் செட், இரண்டு கிரைண்டர், 20 லிட்டர் டீசல் கேன், கொஞ்சம் பெயின்ட், தின்னர். வேலை பெரும்பாலும் வெட்டவெளியில்தான். கேட், வேலி, மண் அள்ளும் இயந்திரங்களின் பக்கெட், பூம் (பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கை). காய்ந்த புல்லுக்கு நடுவே நின்று செய்யும் வேலையும் வரும்.

இப்போது கேபினில் 1 கிலோ ஏபிசி பவுடர் ஒன்றுதான் இருக்கிறது. அது போதாது என்று தெரிகிறது. சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) வாங்கினால் மெஷினில் பவுடர் படாது, அதுவே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். எந்த வகை, எவ்வளவு பெரியது, வண்டியில் எந்த இடத்தில் மாட்டுவது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

தீக்காவல்:

அந்த 1 கிலோவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அழுத்தினால் பத்து விநாடிக்குள் காலியாகிவிடும். கேபினுக்குள் ஒயர் புகைந்தால் உதவும். டீசல் கேன் பற்றினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் வண்டிக்கு இரண்டு வேண்டும். ஹோஸ் உள்ள 6 கிலோ ஏபிசி பவுடர் ஒன்று, 9 லிட்டர் தண்ணீர் தீயணைப்பான் ஒன்று. இரண்டும் எப்போதும் அழுத்தத்தில் நிற்கும் வகையாக, அழுத்தம் காட்டும் கேஜ் உள்ளதாக இருக்கட்டும். 6 கிலோ பவுடர் என்றால் பாட்டிலோடு சேர்த்து 9, 10 கிலோ வரும். உதவியாளரால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்றால் 4.5 கிலோவுக்கு இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

பவுடர் எதற்கு என்றால் டீசல், தின்னர், ஹைட்ராலிக் ஆயில் ஆகியவற்றுக்கு. சுடருக்குள் நடக்கும் ரசாயனச் சங்கிலியை அது அறுத்துவிடுவதால் தீ சட்டென்று விழும். சில மீட்டர் தள்ளி நின்றே அடிக்கலாம், காற்று இருந்தாலும் ஓரளவு வேலை செய்யும். ஏபிசி பவுடரில் முக்கியச் சரக்கு மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அது சூட்டில் உருகி எரியும் மரத்தின் மேலும் துணியின் மேலும் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதனால் ஏ வகுப்புத் தீக்கும் ஆகும். பிசி என்று மட்டும் எழுதியிருக்கும் பைகார்பனேட் பவுடருக்கு இந்தக் குணம் இல்லை. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்.

ஆனால் பவுடர் எதையும் குளிர வைக்காது. காய்ந்த புல், மரத்தூள், டயர், சாக்கு இவற்றில் சுடர் அணைந்தபின் உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும், ஐந்து நிமிடத்தில் மறுபடி பற்றும். வெட்டவெளி வெல்டிங்கில் இந்தத் தீதான் அதிகம் வரும். அதற்குத் தண்ணீர் தவிர வேறு மருந்து கிடையாது. 9 லிட்டர் தண்ணீர் தீயணைப்பான் ஏறக்குறைய ஒரு நிமிடம் அடிக்கும். 6 கிலோ பவுடர் இருபது விநாடிக்குள் தீர்ந்துவிடும். இந்த வித்தியாசம் புல் தீயில் பெரிது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: எண்ணெய்த் தீயிலும் மின்சாரம் ஓடும் மெஷினிலும் தண்ணீர் அடிக்கக் கூடாது.

சிஓ2 பற்றிச் சொல்பவர்கள் மூடிய அறையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அங்கே அது நல்ல சாதனம்தான். திறந்த வெளியில் லேசான காற்று அடித்தாலே வாயு கலைந்துவிடும். எட்டும் தூரமும் ஒன்றிரண்டு மீட்டர்தான். சூட்டை இறக்காததால் சிவந்த இரும்புக்குப் பக்கத்தில் அணைந்த எண்ணெய் திரும்பப் பிடிக்கும். ஜெனரேட்டரின் கன்ட்ரோல் பெட்டிக்காக 2 கிலோ சிஓ2 ஒன்று கூடுதலாக வைக்கலாம். அதை மட்டும் நம்பி வண்டியை எடுக்காதீர்கள். தொட்டிக்குள், குழிக்குள் இறங்கி வேலை செய்யும்போது அதை அடித்தால் மூச்சுத் திணறி ஆளே விழுந்துவிடுவார் என்பதையும் உதவியாளருக்குச் சொல்லி வையுங்கள்.

நட்டுபோல்ட்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிலோவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், லேபிளில் இருக்கும் அணைக்கும் திறன் எண்ணைப் பாருங்கள். ஒரே 6 கிலோவில் ஒன்று 21ஏ 113பி, இன்னொன்று 34ஏ 233பி என்று இருக்கும். ஏ என்றால் மரம், துணி போன்றவை எரியும் தீ, பி என்றால் எண்ணெய் போன்ற திரவத் தீ. ஐரோப்பிய முறையில் பி எண் என்பது சோதனைத் தட்டில் ஊற்றி எரிக்கப்படும் திரவத்தின் லிட்டர் அளவு. அதனால் 233 என்பது 113ஐப் போல இரண்டு மடங்குத் தீ. அமெரிக்க முறையில் 4ஏ 80பி சி என்பது போல வரும். அங்கே எண்ணின் அளவுகோலே வேறு, இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். சி என்ற எழுத்தும் வேறு: ஐரோப்பிய முறையில் எரிவாயு, அமெரிக்க முறையில் மின்சாரம் உள்ள கருவி.

தலைப்பகுதி உலோகத்தில் இருக்கட்டும், பிளாஸ்டிக் தலை வண்டியின் குலுக்கலில் நீண்ட நாள் தாங்காது. ஹோஸ் அவசியம். நேராக நாசில் மட்டும் வைத்த சின்ன மாடலில் பாட்டிலையே ஆட்டி ஆட்டிக் குறி வைக்க வேண்டும். பூமுக்கு அடியிலோ ஜெனரேட்டர் கவருக்கு உள்ளேயோ அடிக்க வேண்டி வந்தால் அது முடியாது.

இனி மாட்டும் இடம். பலர் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள், தீ வந்தால் அதை எடுக்கவே முடியாது. பின்தட்டில் எரியும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். பவுடரை டிரைவர் கதவுக்குப் பின்னால், வண்டியின் வெளிப்பக்கம், தரையில் நின்றபடியே கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். கைப்பிடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரை எதிர்ப்பக்கப் பின்மூலையில் வையுங்கள். டீசல் கேனையும் கேஸ் சிலிண்டரையும் ஒட்டி இரண்டுமே வேண்டாம். பூட்டிய டூல் பெட்டிக்குள் வைப்பதும் வேண்டாம். சாவி தேடும் நேரத்தில் தீ கைமீறிப் போகும்.

சுவரில் மாட்டும் கொக்கி வண்டிக்கு ஆகாது. வாகனத்துக்கென்றே வரும் எஃகு பிராக்கெட், இரண்டு பட்டை, இழுத்தால் திறக்கும் கிளிப் உள்ளதாக வாங்கி, பாடி தகட்டில் பெரிய வாஷர் கொடுத்து லாக் நட்டோடு போல்ட் போடுங்கள். தகரத் திருகில் மாட்டினால் கொஞ்ச நாளிலேயே ஓட்டை பெருத்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பாட்டிலுக்கும் பட்டைக்கும் நடுவே ரப்பர் துண்டு வைத்தால் பெயின்ட் உரசித் துருப் பிடிக்காது.

வெயிலையும் பாருங்கள். லேபிளில் எத்தனை டிகிரி வரை என்று எழுதியிருக்கும், பல மாடல்களில் 49 அல்லது 60 டிகிரி செல்சியஸ். வெயிலில் நிற்கும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் அதைத் தாண்டிவிடும். சூடு ஏறினால் சிஓ2வில் அழுத்தம் மிக வேகமாக ஏறும், பாதுகாப்புத் தகடு வெடித்து வாயு முழுவதும் வெளியேறிவிடவும் கூடும். நிழல் படும் இடம், ஒரே இழுப்பில் கழன்று வரும் துணி உறை, அது போதும். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் வரும் இடமென்றால் தயாரிப்பாளர் அனுமதித்த உறைதடுப்புக் கலவை நிரப்பிய மாடலாக எடுங்கள்.

வண்டிவெல்டர்:

நன்றி, இரண்டுமே தெளிவாக இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். கேஸ் ஹோஸோ ரெகுலேட்டரோ பற்றினால் பவுடர் அடிக்கலாமா? பவுடர் ஜெனரேட்டரில் பட்டுவிட்டால் மெஷின் அவ்வளவுதானா?

கட்டிங்டார்ச்:

கேஸ் தீயில் வால்வுதான் தீயணைப்பான். ஹோஸ் எரிந்தால் அசிட்டிலீன், ஆக்சிஜன் இரண்டு சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். தீ தானாக நிற்கும், அதன்பின் சுற்றிப் பிடித்திருப்பதை அணைத்தால் போதும். அசிட்டிலீன் வால்வு சாவி போட்டுத் திறக்கும் வகை என்றால், வேலை முடியும்வரை சாவி வால்விலேயே இருக்க வேண்டும். வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறந்து வைக்காதீர்கள், அப்போதுதான் அவசரத்தில் உடனே மூட முடியும்.

வால்வை மூட முடியவில்லை என்றால் சுடரை அணைக்கக் கூடாது. எரியாமல் வெளியேறும் வாயு காற்றோடு கலந்து, பக்கத்தில் இருக்கும் சூடான இரும்பைத் தொட்டதும் வெடிக்கும். எரிகிற சுடரைவிட அது பல மடங்கு ஆபத்து. பவுடர் அடித்துச் சுடரை விழச் செய்வது, அந்தச் சில விநாடியில் கையை நீட்டி வால்வை மூட முடியும் என்ற நிலையில் மட்டும்.

சிலிண்டரின் உடம்பே சூடாகிவிட்டால், அல்லது தீ பின்னோக்கிப் பாய்ந்து சிலிண்டருக்குள் போயிருக்கலாம் என்று தோன்றினால், எதையும் தூக்கிக்கொண்டு அருகில் போகாதீர்கள். ஆட்களை விலக்கித் தீயணைப்புத் துறையை அழையுங்கள், அசிட்டிலீன் இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வெளித் தீ அணைந்த பிறகும் உள்ளே அசிட்டிலீன் சிதைவது தொடரும். தொட்டுப் பார்ப்பது, நகர்த்துவது எதுவும் கூடாது. அதில் இருக்கும் உருகும் பிளக் சுமார் 100 டிகிரியில் திறக்கும். திறந்தால் சுடர் பல மீட்டர் பாயும். அதனால் சிலிண்டரின் தலையும் அடியும் நீங்கள் ஓடி வரும் வழியைப் பார்க்காதபடி வண்டியில் நிறுத்துங்கள்.

ஆக்சிஜன் கசிந்து துணியில் ஏறிவிட்டால் எந்தப் பவுடரும் சரியாகப் பிடிக்காது. முதலில் ஆக்சிஜனை மூட வேண்டும். இதையெல்லாம் வராமல் தடுப்பது இரண்டு ஹோஸிலும் பின்சுடர் தடுப்பான் (தீ ஹோஸ் வழியாகப் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் கருவி) பொருத்துவதும், அசிட்டிலீனை 1 பார் அழுத்தத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பதும். தீயணைப்பான் வாங்கும் அன்றே தடுப்பானின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

தீக்காவல்:

பவுடர் பட்டால் மெஷின் போய்விடாது, அப்படியே விட்டால்தான் போகும். மோனோ அம்மோனியம் பாஸ்பேட் ஈரத்தை இழுத்து அமிலமாகும். அலுமினியத்தையும் செம்புக் கம்பியையும் அரிக்கத் தொடங்கும். அன்றைக்கே சுத்தம் செய்துவிடுங்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஈரம் படாமல் வாக்குவமில் உறிஞ்சுங்கள். அடுத்து உலர்ந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதுங்கள். அதிக அழுத்தம் கொடுத்தால் பவுடர் வைண்டிங்குக்குள் இன்னும் ஆழமாகப் போகும். ஸ்லிப் ரிங், பிரஷ் இருக்கும் இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பாடி தகட்டில் ஒட்டிக்கொண்டதைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, கழுவி, காய விடலாம். காற்று ஃபில்டரைப் பார்க்காமல் இன்ஜினை ஓட்டாதீர்கள். உள்ளே இழுத்துக்கொண்டால் அந்தச் செலவு வேறு.

அடித்த தீயணைப்பானை ஒரு விநாடி அடித்திருந்தாலும் ரீஃபில் செய்ய வேண்டும். வால்வு உட்காரும் இடத்தில் பவுடர் துகள் மாட்டி, அழுத்தம் மெல்ல இறங்கிவிடும். ரீஃபில் செய்யும் இடத்தில் ஏபிசி பாட்டிலில் பைகார்பனேட் பவுடர் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் உள்ளேயே வாயுவும் ஈரமும் உண்டாகிக் கட்டிதட்டும்.

நட்டுபோல்ட்:

கட்டிதட்டுவது பற்றி: ஓடும் வண்டியின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகிப்போகும். கேஜ் பச்சையில் நிற்கும், அழுத்தினால் வெறும் காற்று வரும். மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே பவுடர் சரிந்து ஓடுவது கையில் தெரிய வேண்டும். அசையவில்லை என்றால் சர்வீசுக்குக் கொடுங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். சில தயாரிப்பாளர்கள் கவிழ்ப்பது தேவையில்லை என்று கையேட்டில் எழுதுகிறார்கள், அப்படி இருந்தால் எடை போட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதே நேரத்தில் கைப்பிடியில் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசியும் சீலும் இருக்கிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா, நாசிலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளவிக்கூடு வெளியில் மாட்டிய தீயணைப்பானில் சர்வ சாதாரணம். தானாகத் தெறித்துக் கழலும் ரப்பர் மூடி போட்டால் தீரும். சிஓ2வுக்குக் கேஜ் கிடையாது, எடைதான் கணக்கு. தலையில் பொறித்திருக்கும் எடையிலிருந்து குறைந்திருந்தால் அனுப்பிவிடுங்கள். பவுடர் பாட்டிலைத் திறந்து உள்ளே பார்ப்பது, அழுத்தச் சோதனை இதற்கெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு இடைவெளி. அமெரிக்கத் தரத்தில் பவுடருக்கு 6 ஆண்டில் உட்சோதனை, 12 ஆண்டில் அழுத்தச் சோதனை, சிஓ2வுக்கும் தண்ணீருக்கும் 5 ஆண்டு. வண்டியில் குலுங்குவதற்கு அதைவிட முன்னதாகவே செய்வது நல்லது.

கட்டிங்டார்ச்:

வேலை இடத்தில் எப்படி வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. வண்டி 30 மீட்டர் தள்ளி நின்றால் வண்டியில் மாட்டிய தீயணைப்பான் உங்களுக்கு இல்லாதது போலத்தான். கேபிளை இழுக்கும்போதே தண்ணீர் தீயணைப்பானையும் எடுத்துப் போய், காற்று வரும் பக்கம், பொறி விழாத நாலைந்து மீட்டர் தூரத்தில் வையுங்கள். இயந்திரத்தின் மேல் வேலை என்றால் பவுடரும் கூட வர வேண்டும்.

பொறி 11 மீட்டர் வரை போகும் என்பதுதான் வழக்கமான கணக்கு. அந்த வட்டத்துக்குள் புல்லைச் செதுக்கி, தோளில் மாட்டும் ஸ்பிரேயரால் நனைத்துவிட்டுத் தொடங்குங்கள். நனைக்கத் தீயணைப்பானைத் திறக்காதீர்கள், அது தீ வந்தால் மட்டும். ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து ஆயில் சீறி எரிந்தால் முதலில் இயந்திரத்தின் இன்ஜினை நிறுத்துங்கள். அழுத்தம் இறங்காமல் எவ்வளவு பவுடர் அடித்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். தின்னர், டீசல் தேங்கி எரியும்போது மிக நெருங்கி அடித்தால் திரவம் தெறித்துப் பரவும். மூன்று மீட்டர் தள்ளித் தொடங்கி, சுடரின் அடியைக் குறிவைத்துப் பக்கவாட்டில் வீசிக்கொண்டே முன்னேற வேண்டும்.

மக்னீசியம் கலந்த வார்ப்பு எரிந்தால் தண்ணீர், சிஓ2, ஏபிசி மூன்றுமே கூடாது. அதற்கு உலோகத் தீக்கென்றே வரும் டி வகுப்புப் பவுடர் அல்லது நன்கு உலர்ந்த மணல் வேண்டும். அந்த மாதிரி வேலை உங்கள் பட்டியலில் இல்லை, வந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கடைசி வெல்டு முடிந்து ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். முன்பு அரை மணி என்று இருந்ததை அமெரிக்கத் தரத்தில் ஒரு மணியாக உயர்த்தினார்கள். கேபிள் சுற்றுவது, கருவி ஏற்றுவது எல்லாம் அந்த நேரத்திலேயே செய்யலாம். தண்ணீர் தீயணைப்பானை மட்டும் கடைசியாக ஏற்றுங்கள்.