ரெடிங்கில் பட்ட அடிக்குப் பிறகு பீட்டர் செக் அதே கோல்கீப்பர்தானா?

நீலவானன்:
லண்டன் கால்பந்து அணியான செல்சியின் வரலாற்றில் பீட்டர் செக்கைவிடப் பெரிய கோல்கீப்பர் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவதைப் படித்தால் பலருக்குக் கோபம் வரும். 2006 அக்டோபர் 14க்கு முன்னால் நாம் பார்த்த செக் வேறு, பின்னால் பார்த்தவர் வேறு. பின்னவர் மிக நல்ல கோல்கீப்பர். முன்னவர் அன்றைய உலகில் முதலாமவர்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: 1982இல் பில்சனில் பிறந்தவர். ப்ல்ஷானி என்ற சிறிய ஊரின் அணியில் ஆடி, ஸ்பார்ட்டா பிராக் போனார். 2001இல் 903 நிமிடம் கோல் விடாமல் நின்று செக் குடியரசில் சாதனை படைத்தார். அடுத்த வருடம் பிரான்ஸின் ரென், 2004இல் 22 வயதில் செல்சி. அங்கே ஏற்கெனவே இருந்த கோல்கீப்பர் கார்லோ குடிச்சினிக்குக் காயம் என்பதால் முதல் ஆட்டத்திலேயே இடம் கிடைத்தது, அப்புறம் அந்த இடத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த சீசன் முழுக்க பிரீமியர் லீகில் செல்சி வாங்கிய கோல்கள் வெறும் 15. நடுவில் 1,025 நிமிடம் அவரைத் தாண்டி ஒரு பந்துகூடப் போகவில்லை. கடைசியில் நார்விச்சின் லியோன் மெக்கன்ஸி தலையால் முட்டித்தான் அதை முடித்துவைத்தார்.

பிறகு அந்த அக்டோபர் 14, ரெடிங் அணியோடு ஆட்டம். முதல் நிமிடம்கூட முடியவில்லை. தரையில் சறுக்கி வந்து பந்தைப் பிடித்தவரின் தலையில் ரெடிங் வீரர் ஸ்டீபன் ஹன்ட்டின் முழங்கால் மோதியது. மண்டையோடு உள்வாங்கி உடைந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடு பொருத்தினார்கள். உயிர் பிழைத்து வந்ததே பெரிது, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன் ஸ்ட்ரைக்கரின் காலடியில் யோசிக்காமல் பாய்ந்தவர், உயரப் பந்துக்குக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர், பிறகு கோல்கோட்டில் நின்று காத்திருக்கத் தொடங்கினார். என் வாதம் இதுதான்.

கையுறை:
கொஞ்சமும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த 15 கோல் கணக்கை எல்லோரும் செக் பெயரில் எழுதிவிடுகிறார்கள். முன்னால் நின்றவர்கள் யார்? ஜான் டெர்ரி, ரிக்கார்டோ கார்வாலியோ, வில்லியம் கலாஸ். அவர்களுக்கும் முன்னால் க்ளோட் மக்கலெலே. பயிற்சியாளர் மொரீன்யோ கட்டிய அந்தத் தடுப்பாட்டத்தில் கோல்கீப்பர் வெளியே வருவது எளிது, ஏனென்றால் எதிரணி ஆள் எங்கே இருந்து வருவான் என்பது அநேகமாகத் தெரிந்திருக்கும்.

சரி, எண்களுக்கே வருவோம். லீகில் செல்சி வாங்கிய கோல்கள்: 2004-05இல் 15, 2005-06இல் 22, 2006-07இல் 24, 2007-08இல் 26, 2008-09இல் 24. பெரிய தாவல் எங்கே இருக்கிறது? 15இலிருந்து 22க்கு. அது ரெடிங் ஆட்டத்துக்கு முந்தைய சீசன். அடிபட்ட பிறகு வந்த சீசன்கள் கிட்டத்தட்ட அதே மட்டத்தில்தான் நிற்கின்றன.

இன்னொன்று. 2007 ஜனவரி 20 அன்று லிவர்பூலுக்கு எதிராகத் தலைக்கவசத்தோடு திரும்பினார், 2-0 தோல்வி. அதற்கு அப்புறம் என்ன நடந்தது? லீகில் தொடர்ச்சியாகக் கோலே விடாமல் ஆடி, மார்ச் மாதத்தின் சிறந்த வீரர் விருது வாங்கினார். அந்த விருது கோல்கீப்பருக்குப் போவதே அபூர்வம். மே மாதம் எஃப்ஏ கோப்பை இறுதியில் ரூனி, ரொனால்டோ, கிக்ஸ் இருந்த மான்செஸ்டர் யுனைடெட்டை 120 நிமிடம் தடுத்து நிறுத்தினார். பயந்தவர் ஆடும் ஆட்டமா இது?

நீலவானன்:
பயந்துவிட்டார் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஆட்டத்தை மாற்றிக்கொண்டார் என்றேன். அந்த மாற்றம் அவருக்கே எதிராகத் திரும்பிய நாள் ஒன்று இருக்கிறது: 2008 ஜூன் 15, ஜெனீவா, யூரோ கோப்பை.

துருக்கிக்கு எதிராக செக் குடியரசு 2-0. வென்றால் காலிறுதி. 75ஆவது நிமிடத்தில் ஆர்டா ஒன்றைத் திருப்பினார், அப்போதும் 2-1 முன்னிலை. 87ஆவது நிமிடம் வலப்பக்கத்திலிருந்து ஹமித் அல்டின்டோப்பின் க்ராஸ். செக் வெளியே வருகிறார், பந்து இரண்டு கைக்குள்ளும் வந்துவிடுகிறது, நழுவிக் கீழே விழுகிறது. நிஹாத் தட்டிவிடுகிறார். இரண்டு நிமிடம் கழித்து நிஹாத்தே மூன்றாவதையும் போட்டுவிட்டார். 2005இல் அந்தப் பந்தை செக் நழுவவிட்டிருப்பாரா? அவர் கையை விட்டுப் பந்து நழுவி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மொல்டாவா:
ஒரே ஒரு க்ராஸை வைத்து ஒரு வாழ்க்கையை அளக்கக் கூடாது. 2008 ஏப்ரலில் பயிற்சியின்போது முகத்தில் அடிபட்டு உதட்டிலும் தாடையிலும் 50 தையல் போட்டிருந்தார். அதற்கு முன் கணுக்காலில் காயம். அந்த உடம்போடு மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்குப் போய் ரொனால்டோவின் பெனால்டியைத் தடுத்தார். டெர்ரி வழுக்கி விழாமல் இருந்திருந்தால் கோப்பை அன்றே வந்திருக்கும்.

செக் குடியரசு அணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 யூரோவில் நெட்வெட், கொல்லர், பொபோர்ஸ்கி, ரொசிட்ஸ்கி, பாரோஷ் என்று ஆடிய அணி அது. அரையிறுதியில் கிரீஸின் டெல்லாஸ் கூடுதல் நேரத்தில் அடித்த ஒரு வெள்ளி கோலில் (கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும்போது முன்னிலையில் இருப்பவர் வென்றார் என்பது அன்றைய விதி) வெளியேறியது. அந்தத் தோல்வி எனக்கு இன்றும் ஆறவில்லை. நெட்வெட் முழங்காலில் அடிபட்டுப் பாதியில் வெளியேறாமல் இருந்திருந்தால்! அந்தத் தலைமுறை கரைந்த பிறகும் செக் 2016 வரை நாட்டுக்காக 124 ஆட்டம் ஆடினார். அது செக் குடியரசின் சாதனை. ஒவ்வொரு தொடரிலும் அணி பலவீனமாகிக்கொண்டே போக, பின்னால் அவர் மட்டும் மாறாமல் நின்றார்.

கையுறை:
மொல்டாவா சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், மியூனிக். 2012 மே 19, சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், எதிரணியான பேயர்னின் சொந்த மைதானம். மறுநாள் செக்குக்கு 30 வயது.

83ஆவது நிமிடத்தில் பேயர்னின் முல்லர் கோல், 88இல் செல்சியின் ட்ரோக்பா. கூடுதல் நேரம் தொடங்கிய கொஞ்சத்திலேயே ட்ரோக்பா ரிபேரியை வீழ்த்திவிட, பெனால்டி. ராபன் தாழ்வாக அடிக்கிறார். செக் தன் இடப்பக்கம் விழுகிறார், பந்து உடம்பில் பட்டு நிற்கிறது, உடனே திரும்பி அமுக்கிக்கொள்கிறார். அப்புறம் பெனால்டி ஷூட்அவுட். செல்சியின் மாட்டா அடித்த முதல் உதையை பேயர்ன் கோல்கீப்பர் நொயர் தடுத்துவிட்டார், செல்சி பின்தங்கிய நிலை. லாம், கோமெஸ், நொயர் மூவரும் கோல் அடித்தார்கள், ஆனால் மூன்றிலும் செக் சரியான பக்கம்தான் பாய்ந்தார். நான்காவதாக வந்த ஓலிச்சைத் தடுத்தார். ஐந்தாவது ஷ்வைன்ஸ்டைகர்: விரல் நுனி பட்டுப் பந்து கம்பத்தில் மோதியது. ராபனையும் சேர்த்து ஆறு பெனால்டி, ஆறிலும் சரியான திசை.

இது அதிர்ஷ்டம் இல்லை. 2007 முதல் பேயர்ன் அடித்த பெனால்டிகள் எல்லாவற்றையும் இரண்டு மணி நேர டிவிடியாகத் தொகுத்துக் கொடுத்திருந்தார்கள், உட்கார்ந்து பார்த்தார். ரென் காலத்திலிருந்தே கூட இருந்த பயிற்சியாளர் கிறிஸ்டோஃப் லொல்லிஷோன் பின்னாளில் செல்சியிலும் அவரோடு வேலை செய்தார். இருவருக்கும் அப்படி ஒரு உழைப்பு. 22 வயது செக்கால் இதைச் செய்திருக்க முடியாது. அடிபட்டதற்குப் பிறகு வந்தவர்தான் செல்சிக்கு சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தார்.

நீலவானன்:
மியூனிக் இரவில் நானும் கத்தித் தீர்த்தேன், அதைக் குறைத்துப் பேச மனம் வராது. ஆனால் பெனால்டி என்பது என்ன? கோல்கோட்டில் நின்றபடி ஆடுவது. வெளியே வரவேண்டிய அவசியமே இல்லாத ஒரே சூழ்நிலை. நான் சொல்வதற்குத்தான் அது சாட்சி.

கையுறை:
கோட்டில் நிற்பது தாழ்ந்த வேலையா?

நீலவானன்:
இல்லை. ஆனால் 2005இல் அவர் இரண்டையும் செய்தார்.

பீரங்கிப்படை:
ஆர்சனல்காரனுக்கும் இடம் கொடுங்கள். 2014இல் இளம் கோல்கீப்பர் கோர்ட்வா திரும்பி வந்ததும் செல்சியில் செக் பெஞ்சுக்குப் போனார், 2015இல் எங்களிடம் வந்தார். அவரால் வருடத்துக்கு 12 முதல் 15 புள்ளி கூடும் என்று டெர்ரி சொன்னார். கூடவில்லை. முந்தைய சீசனில் 75 புள்ளி, அவர் வந்த சீசனில் 71. ஆனாலும் இரண்டாம் இடம் பிடித்தோம், 16 கிளீன் ஷீட்டோடு (கோல் விடாத ஆட்டங்கள்) அதற்கான தங்கக் கையுறை விருதும் அவருக்கே.

நீலவானன் கவனிக்க வேண்டியது அந்த முதல் லீக் ஆட்டத்தை. வெஸ்ட் ஹாம் ஃப்ரீ கிக் எடுத்தது, செக் கூட்டத்துக்குள் வெளியே ஓடி வந்தார், எட்டவில்லை, குயாட்டே தலையால் அடித்துவிட்டார். 33 வயதிலும் வெளியே வந்துகொண்டுதான் இருந்தார். குறைந்தது வேகம், அது வயதின் விஷயம். அடியோடு அதை முடிச்சுப்போடாதீர்கள்.

2018 மார்ச்சில் வாட்ஃபோர்டின் டீனி பெனால்டியைத் தடுத்து பிரீமியர் லீகில் 200 கிளீன் ஷீட் தொட்ட முதல் கோல்கீப்பர் ஆனார். அன்று எங்கள் எமிரேட்ஸ் மைதானத்தில் நிறைய இருக்கைகள் காலி, அது எனக்கு வருத்தம். பிறகு புதிய பயிற்சியாளர் எமெரி வந்தார், காலால் பந்தை நகர்த்தித் தொடங்கச் சொன்னார். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகக் கிட்டத்தட்ட சொந்த வலைக்குள்ளேயே உதைத்துவிட்டார். செப்டம்பரில் தொடைத் தசையில் காயம் பட, மற்றொரு கோல்கீப்பர் லெனோ உள்ளே வந்துவிட்டார். கடைசி ஆட்டம் 2019இல் பாக்கூவில் யூரோப்பா லீக் இறுதி, செல்சிக்கு எதிராகவே, 4-1 தோல்வி. அந்த அளவுக்குப் பெரிய ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு விடைபெறல் நடந்திருக்கக் கூடாது.

மொல்டாவா:
ரெடிங் சம்பவத்தால் நடந்த ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பிரீமியர் லீக் மைதானங்களில் வீரர்களுக்கென்றே தனி ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. அன்று செக்குக்குப் பதிலாக வந்த குடிச்சினியும் நினைவிழந்து விழ, டெர்ரி கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல்கீப்பர்கள்! கோல்கீப்பரின் தலையை இவ்வளவு காலம் யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கையுறை:
கடைசியாக ஒன்று. ஓய்வுபெற்ற அதே 2019 அக்டோபரில் கில்ஃபோர்ட் ஃபீனிக்ஸ் அணிக்காக ஐஸ் ஹாக்கி கோலில் நின்றார். முதல் ஆட்டத்திலேயே ஷூட்அவுட்டில் இரண்டைத் தடுத்து வெற்றி. மண்டையில் தகடு வைத்த மனிதர், கல்லைப் போலப் பறந்து வரும் ரப்பர் தட்டுக்கு முன்னால் போய் நிற்கிறார். கல்லூரி அணியில் கோல்கீப்பராக நின்றவன் நான். ஸ்ட்ரைக்கரின் காலடியில் பாய்வதற்குமுன் உடம்பு தானாக ஒரு கணம் தயங்கும், அதைத் தெரிந்துதான் பேசுகிறேன். அந்தத் தயக்கம் உள்ளே தங்கிவிட்டவன் இந்த வேலையைத் தேடிப் போகமாட்டான்.

நீலவானன்:
ஹாக்கியில் உச்சி முதல் பாதம் வரை கவசம், கோலை விட்டு வெளியே வரவேண்டிய வேலையும் குறைவு. 2005-06 ஆட்டம் ஒன்றையும் 2009-10 ஆட்டம் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, கார்னர் கிக்குகளில் மட்டும் அவர் கால் எந்தப் பக்கம் முதல் அடி வைக்கிறது என்று பாருங்கள். 2009-10இல் பட்டம் வாங்கினோம், ஆனால் விட்ட கோல்கள் 32. பார்த்துவிட்டு வாருங்கள், அதன் மேல் பேசுவோம்.

கையுறை:
பார்க்கிறேன். கூடவே அந்த சீசனில் 103 கோல் அடித்த அணி தடுப்புக்கு எத்தனை பேரைப் பின்னால் வைத்திருந்தது என்பதையும் எண்ணி எழுதுகிறேன்.