மறு: கடலடிச் சேற்றைக் குழாயோடு எடுப்பார்களே, அதற்குத் தமிழில் என்ன?

பாளையங்கோட்டை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குக் கடல்மட்டம் பற்றித் துணைப்பாடம் ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடலடியில் குழாயைச் செங்குத்தாக இறக்கி, அடுக்குக் கலையாமல் சேற்றை எடுக்கிறார்களே, ‘செடிமென்ட் கோர்’, அதற்குத்தான் சொல் வேண்டும். அடியில் உள்ளது பழசு, மேலே உள்ளது புதுசு. கீழே அலையாத்திக் காட்டுக் கருஞ்சேறும் மகரந்தமும், அதன்மேல் சிப்பி மணல், அதற்கும் மேல் நைசான களி என்று வந்தால் கடல் ஏறி வந்திருக்கிறது என்று பொருள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். இதெல்லாம் எழுதியாயிற்று. ‘கோர்’தான் தகராறு. கரு, கருவம் இரண்டையும் பூமியின் நடுப்பகுதிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

அம்பாசமுத்திரம் புலவர்:

சொல் நம்மிடமே இருக்கிறது, காழ், அதாவது மரத்தின் வைரம், கெட்டிப் பகுதி. ‘புறக்காழ் உடையது புல், அகக்காழ் உடையது மரம்’ என்பது தொல்காப்பிய மரபியல். ஆகவே ‘படிவுக்காழ்’. காழுக்கு முத்துவடம் என்றும் பொருள் உண்டு. முத்து என்றால் கொற்கை. அந்தத் துறைமுகம் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால். பாடத்தின் பொருளே சொல்லுக்குள் அடங்குகிறது பாருங்கள்!

திசையன்விளை:

புலவர் ஐயா, பனங்காட்டுக்காரனிடம் காழைப் பற்றிப் பேசலாமா? பனைக்கு வெளியேதான் வைரம், உள்ளே வெறும் சோறு. உங்கள் கணக்குப்படி குழாய்தான் காழ், உள்ளே வருவது சோறு. ‘படிவுச்சோறு’ என்று வைத்துவிடலாமா? பிள்ளைகள் எப்படியும் ‘கால்’ என்றுதான் வாசிக்கும். ‘படிவு’ம் எனக்கு ஒப்பவில்லை, தாலுகா ஆபீஸ் படிவம்தான் ஞாபகம் வருகிறது. வண்டல் என்றால் வயலில் நிற்கிறவனுக்கும் தெரியும்.

அம்பாசமுத்திரம் புலவர்:

வண்டல் ஆறு கொண்டுவருவது. கடலடியில் கிடப்பதெல்லாம் ஆற்று மண்ணா? ஃபொராமினிஃபெரா என்ற கடுகினும் சிறிய உயிர்களின் ஓடுகளும் குவிந்து கிடக்கின்றன. பனியூழியில் லேசான ஆக்சிஜன்-16 பனிப்பாளங்களில் அதிகம் மாட்டிக்கொள்ள, கடலில் கனமான ஆக்சிஜன்-18 விகிதம் கூடும். அது அந்த ஓட்டுச் சுண்ணாம்பில் பதிந்திருக்கும். வண்டல் என்று எழுதினால் இந்தச் சான்றுக்கே இடமில்லாமல் போகும். ஈழத்தார் ‘அடையல்’ என்பார்கள், அடையற்பாறை அவர்கள் பாடநூல் சொல். ‘அடையற்காழ்’ இன்னும் அழகு. அடை என்ற வினையடியைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

உவரி:

தனி மடல் மெதுவாக வரட்டும், ஐயா. நான் ஆய்வுப் படகில் போயிருக்கிறேன். குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் பச்சைச் சாம்பல் நிறக் களி, அழுகிய முட்டை வாடை. நடுவே ஒரு விரல் தடிமனுக்குச் சிப்பித்தூள். புழு குடைந்து போன வழியில் மேல்மண் கீழே இறங்கி வேறு நிறத்தில் தெரியும். டீச்சர், பாடத்தில் இதையும் சேருங்கள். புழு குடைந்திருந்தால், இழுவை மடி வலை கடலடியைச் சுரண்டியிருந்தால், அடுக்கு பொய் சொல்லும். வயதைச் சொல்லும் கார்பன்-14 கணக்கும் சுமார் 50,000 ஆண்டோடு நின்றுபோகும். சொல்லுக்கு வருகிறேன். தூக்குகிற ஆட்கள் ‘கம்பு’ என்பார்கள், ‘அந்தக் கம்பைச் சாய்க்காதே’ என்று. ‘மண்தண்டு’ போதுமே.

திசையன்விளை:

மண்தண்டுக்கு என் ஓட்டு.

அம்பாசமுத்திரம் புலவர்:

வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேற்றுமைப் புணர்ச்சியில் மண் + தண்டு = மட்டண்டு. மட்குடம் என்பதில்லையா? இலக்கணத்தையும் கடலில் போட்டுவிட்டுப் பாடம் எழுதுவதா?

பாளையங்கோட்டை டீச்சர்:

ஐயா, மட்டண்டு என்று அச்சடித்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துவிடும். புணர்ச்சித் தொல்லை இல்லாமல் ‘படிவுத்தண்டு’ என்று போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் ‘கோர்’ என்பதையும் சேர்த்து. ஏழெட்டுப் பேர் தனியாகவும் சரி என்று எழுதிவிட்டார்கள். அச்சகத்தார் இரண்டு தரம் போன் செய்துவிட்டார்.

திசையன்விளை:

படிவம்தான் கடைசியில் ஜெயித்ததா? நடக்கட்டும்.

அம்பாசமுத்திரம் புலவர்:

பெரும்பான்மை வேறு, சரியான சொல் வேறு. காழை நான் விடவில்லை, இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்வோம். அது கிடக்கட்டும், அந்த உயிர்களின் ஓடுகளையும் மகரந்தத்தையும் வைத்துப் பழைய வெப்பத்தையும் மழையையும் கணிக்கிறார்களே, அந்தப் ‘பிராக்ஸி’க்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘பதிலி’ என்று மட்டும் போட்டிருந்தால் அச்சகத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.