அப்பாவின் சாய்மனைக் கதிரை

ஞாயிறு இரவு, ‘ஆரையம்பதி வீடு’ குழு

மது (9:42): மாமி, அண்ணா போட்ட படம் பார்த்து முடிந்ததா? எனக்கு ஒன்று பிடிக்கவில்லை. தாய் தகப்பனைத் தொலைத்த பிள்ளை ஓவென்று அழவேண்டாமா? வெறும் வீட்டுக்குள் சைக்கிள் ஓடித் திரிகிறான்!

ரவி கட்டார் (9:44): எந்தப் படம்? நான் டியூட்டியில் நிற்கிறேன்.

நான் (9:47): ‘எம்பயர் ஆஃப் த சன்’. ஸ்பீல்பேர்க் 1987 இல் எடுத்தது. 1941 டிசம்பர், ஜப்பான்காரன் ஷாங்காயைப் பிடிக்கிறான். சனம் நெரிபட்டு ஓடும்போது பொடியனின் விளையாட்டு விமானம் விழுகிறது. அதை எடுக்கத் தாயின் கையை விடுகிறான். அவ்வளவுதான். நடித்தது பின்னால் பேட்மேன் ஆன கிறிஸ்டியன் பேல், அப்போது சின்னப் பொடியன்.

ரவி கட்டார் (9:51): அட, அதுவா. கதையை எழுதினவர் ஜே. ஜி. பாலார்ட். உண்மையில் முகாமில் அவர் தாய் தகப்பன் தங்கச்சியோடுதான் இருந்தவர். 1984 இல் நாவலாக எழுதும்போது தன்னைத் தனியாக்கிவிட்டார். பாதி புளுகு 😄

சின்ன மாமி (9:58): புளுகு என்று சொல்லாதே ரவி. அகதி முகாமில் எனக்குப் பக்கத்துப் பாயில் ஒரு பிள்ளை தாயின் மடியிலேயே கிடந்தாள். தாய் விறைத்துப்போய் இருந்தா. அந்தப் பிள்ளையும் தனியாகத்தான் இருந்தாள்.

மது (9:59): 😔

சின்ன மாமி (10:06): மது, அழாததைக் கேட்டாய். 1990 ஆனியில் சண்டை தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மண்முனையில் பாலம் 2014 இல்தானே வந்தது, அப்போ ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போகப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுதான். ஏறுகிற நெரிசலில் எங்கள் ஆட்டுக்குட்டி இறங்கி ஓடிவிட்டது. அதன் பின்னால் நானும். திரும்பிப் பார்த்தால் பாதை நடு ஆற்றில். வேறு எங்கே போவது? வீட்டுக்கு வந்தேன்.

சின்ன மாமி (10:11): அழவில்லை. கொடியில் கிடந்த உடுப்பை எடுத்து மடித்தேன். மறுகா அப்பாவின் சாய்மனைக் கதிரையில் ஏறி இருந்தேன். அதில் எங்களை இருக்க விடமாட்டார். மூன்று நாளும் அதில்தான். புகை தெரியும் என்று அடுப்பு மூட்டவில்லை, ஊறவைத்த அரிசியும் சீனியும் தேங்காயும். பகலில் பயமில்லை. மம்மல் நேரம்தான், கோழிகள் தாமாகவே அடைய வரும், அவற்றை எண்ணிக்கொண்டு இருப்பேன். அந்தப் பொடியன் சைக்கிள் ஓடினான் என்றால், ஏச ஆள் வரட்டும் என்றுதான் ஓடியிருப்பான்.

நான் (10:13): மாமி, இதை நீங்கள் சொன்னதே இல்லையே.

சின்ன மாமி (10:13): நீங்கள் கேட்டதும் இல்லை.

சின்ன மாமி (10:19): தாயின் அறையில் பவுடர் கொட்டிக் கிடக்கும், அதில் கால் தடங்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். கடைசியில் தாயைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காமல் உதட்டையும் தலைமயிரையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான், அது சரி. அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தபோது நானும் எழும்பவில்லை, ஆரோ என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். அவ வாசலில் நின்று, “ஆர்ர கதிரையில இருக்காய், எழும்புகா!” என்று கத்தினா. அப்போதான் அழுதேன்.

பெரியப்பா (10:24): நான் பிடித்திருந்த கையை நீதான் உதறினாய்.

சின்ன மாமி (10:25): உதறவில்லை அண்ணா. ஒரு நிமிஷம் விடு என்றேன். நீ விட்டாய்.

பெரியப்பா (10:31): 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மது (10:32): பெரியப்பா?

சின்ன மாமி (10:36): நீ அழிப்பதற்கு முதல் வாசித்துவிட்டேன் அண்ணா. காலையில் பிட்டு அவிக்கிறேன். வரும்போது மீன் வாங்கிக்கொண்டு வா, கணவாய் கிடைத்தாலும் பரவாயில்லை.